வெள்ளைக் கூட்டுக்கு வந்த வெற்றுச் சீட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

எனக்கு இருபத்தேழு வயது. வரும் சனிக்கிழமையோடு இந்தக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். கல்யாணம்தான் காரணம் என்று நிலையத்தில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் ஓசூரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் எனக்குக் குத்துவிளக்கு வாங்க வசூல் நடப்பதாகக் காதில் விழுந்ததால், அவசரப்பட்டு மறுக்கவில்லை.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். "போறதுக்கு முன்னாடி புது ஆளுங்களுக்கு ஏதாச்சும் எழுதி வெச்சிட்டுப் போம்மா. டெக்னிக்கலா இருக்கட்டும்" என்றார். மெஷினை எப்படி ஆன் செய்வது, ரிப்பன் எப்படி மாற்றுவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. பிளாப்பியை மடிக்கக் கூடாது என்பதுகூட இருக்கிறது. யாரோ மடித்திருக்கிறார்கள் போல. அதனால் கையேட்டில் இல்லாத இரண்டு விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். ஒன்று ஸ்டேடிக் மெத்தட். மற்றொன்று அப்ஸ்ட்ராக்ட் மெத்தட். இரண்டும் எனக்குப் பெங்களூரில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் புரியவில்லை. பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஆரோக்கியமேரி என்பவர் என் மேசைக்கு முன்னால் நின்று கோபப்பட்ட அன்றுதான் புரிந்தது.

முதலில், இந்த இடம் என்ன செய்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. முட்டை நிலையம் என்றதும் கோழி முட்டை என்று நினைத்துக்கொண்டு முதல் வாரத்தில் பாதியை ஓட்டினேன். இது பட்டுப்புழு முட்டை. அந்துப்பூச்சிகள் அட்டையில் முட்டையிடும். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. விவசாயி அந்த அட்டையை வாங்கிப் போய், பொரிக்கும் புழுவுக்கு மல்பெரி இலை போட்டு வளர்த்து, அது கட்டும் கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவார். முட்டை பொரிக்கும் நாளும் இலை பதமாக இருக்கும் நாளும் ஒன்றாக விழ வேண்டும். புழு முந்தினால் அதற்குப் பட்டினி. இலை முந்தினால் முற்றி ஆட்டுக்குப் போகும்.

நம் மெஷினின் வேலை, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சீட்டு அடிப்பது. சீட்டில் மூன்று வரி. முதல் வரியில் இனத்தின் பெயர். இரண்டாவதில் முட்டையைப் பதப்படுத்த என்ன செய்ய வேண்டும் என்பது. மூன்றாவதில் பொரிக்கும் நாள். இதற்குத்தான் மெஷினுக்கு ஏசி, மேனேஜருக்கு ஃபேன். இந்த ஏற்பாட்டை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இனி பாடம். கிளாஸ் என்பது ஒரு வகை. ஆப்ஜெக்ட் என்பது அந்த வகையில் நிஜமாகப் பிறந்த ஒன்று. 'முட்டை அட்டை' என்று பொதுவாகச் சொன்னால் அது கிளாஸ். அலமாரியின் கீழ்த்தட்டில், மூலையில் டீக் கறையோடு ஓர் அட்டை இருக்கிறதே, அது ஆப்ஜெக்ட். மெத்தட் என்பது அதனிடம் நாம் கேட்கும் வேலை. பெங்களூரில் இதை ஒரு வாரம் நடத்தினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

ஸ்டேடிக் மெத்தட் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நம் வாட்ச்மேனிடம் போய் நில்லுங்கள். "அய்யா வெளிய போயிருக்காருங்க" என்பார். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன அவசரம் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. கலெக்டர் வந்தாலும் அதே பதில்தான். ஸ்டேடிக் மெத்தடும் அப்படியே. எந்த அட்டையும் கையில் இல்லாமலே அதைக் கூப்பிடலாம். கிளாஸின் பெயரைச் சொன்னால் போதும். இரண்டு நேரங்களைக் கொடுத்து இடையில் எத்தனை மணி என்று கேட்டால் சொல்லும். அதற்கு அட்டை எதற்கு? இந்த மாதிரி வேலைக்கு அது அருமையான ஆள். ஒரே குறை, அது தன் வாழ்நாளில் எந்த ஒரு தனி அட்டையையும் பார்த்ததில்லை.

அப்ஸ்ட்ராக்ட் மெத்தடுக்கு மேனேஜரைப் பாருங்கள்.

"இந்த லாட் புதன்கிழமை போயாகணும்மா."

"எப்படி சார்?"

"போயாகணும்."

அவ்வளவுதான். பெயர் இருக்கும், உடல் இருக்காது. நடக்க வேண்டும் என்று மேலே கட்டாயமாக எழுதியிருக்கும். எப்படி நடக்கும் என்பதை அவருக்குக் கீழே இருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வேலைக்குத் தக்கபடி எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு மெத்தட் நிரப்பப்படாமல் இருக்கும் கிளாஸை வைத்துக்கொண்டு ஓர் ஆப்ஜெக்டைக்கூட உருவாக்க முடியாது. மெஷின் விடாது. மேனேஜரை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அட்டையும் வெளியே போகாது என்பதைப் போல. இதை அவர் படிப்பார் என்று தெரியும். சார், இது பாராட்டு. ஏன் பாராட்டு என்பது கீழே வருகிறது.

போன வருஷம் ஆவணி வரை இங்கே மஞ்சள் கூடு கட்டும் இனம் மட்டும்தான் இருந்தது. அந்த முட்டை சாது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வைத்த இடத்தில் இருந்து தானே பொரிக்கும். அதனால் சீட்டில் இரண்டாவது வரி எப்போதும் காலியாகவே வரும். காலி என்றால் சும்மா விடு என்று அர்த்தம் என எல்லோருக்கும் பழகிவிட்டது. அப்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வரி காலியாக இருந்தது, அதை நாங்களே படித்துக்கொண்டோம்.

பிறகு வெள்ளைக் கூடு இனம் வந்தது. நூல் நீளமாக வரும், சந்தையில் மதிப்பு அதிகம். ஆனால் அந்த முட்டைக்கு ஒரு பழக்கம் உண்டு: இட்டவுடன் தூங்கிவிடும். சும்மா விட்டால் அடுத்த வருஷம்தான் எழும். அதை எழுப்ப மறுநாளே ஆசிட்டில் முக்க வேண்டும். குறைவாக முக்கினால் எழாது. கூடுதலாக முக்கினால் உள்ளேயே செத்துவிடும். மறுநாள் சாயங்காலம் தாண்டிவிட்டால் ஆசிட்டும் உதவாது.

புது இனத்தை மெஷினில் சேர்க்க, நமக்குப் புரோகிராம் விற்ற கம்பெனியின் ஆள் பெங்களூரிலிருந்து வந்தார். மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேட்டார். இனத்தின் பெயர் என்ன? கூடு என்ன நிறம்? மேனேஜர் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். வந்தவர் மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் எழுதியது என்னவென்று பிற்பாடு பார்த்தேன். மேலே 'இனம்' என்று பொதுவாக ஒரு கிளாஸ். அதில் 'பதப்படுத்து' என்று ஒரு மெத்தட். உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு அடைப்புக்குறி, நடுவே காற்று. அதற்குக் கீழே மஞ்சள் இனம். தனக்கென்று எதுவும் எழுதாததால் மேலேயிருந்த காற்று அதற்கு வந்தது. அதற்கு அது பொருத்தமாகவும் இருந்தது. இப்போது பக்கத்தில் வெள்ளை இனம். அதற்கும் ஒன்றும் எழுதவில்லை. அதே காற்று அதற்கும் வந்தது. மெஷின் ஒரு முணுமுணுப்புகூட முணுமுணுக்கவில்லை.

மூன்றாவது வரியான பொரிக்கும் நாளை அவர் ஸ்டேடிக் போல எழுதியிருந்தார். இட்ட தேதியைக் கொடுத்தால், வழக்கமான நாட்களைக் கூட்டி ஒரு தேதி சொல்லும். எந்த இனம் என்று கேட்காது. முட்டையா கத்திரிக்காயா என்றுகூடக் கேட்காது.

முதல் வெள்ளை முட்டைகள் இட்ட மறுநாள் காலையில் ஆரோக்கியமேரி வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும், தலை காற்றில் கலைந்திருந்தது. வெள்ளை இனத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர். அந்த அட்டைகள் அத்தனையும் அவருக்குத்தான்.

"கம்ப்யூட்டரம்மா, என் முட்டை போட்டாச்சாமே. பாத்துட்டுப் போலாம்னு வந்தங்க."

"இன்னும் கையில தர மாட்டாங்க. நேத்துதான் போட்டிருக்கு."

"தர வேணாங்க. கண்ணால பாத்தாப் போதும். வூட்டையே புழுவுக்குக் குடுத்துட்டு நாங்க மாட்டுக் கொட்டாயில படுத்திருக்கோம். மாடு என்னைப் பாக்கற பார்வை இருக்குதே, வாடகை கேக்கற மாதிரி."

கிணற்றடி நிலம் முழுவதையும் கடலையை விட்டு மல்பெரிக்கு மாற்றியிருந்தார். இலை தயாராக நின்றது. வீட்டில் தளம் போட்ட அறை ஒன்றே ஒன்று. அதைக் கழுவி, மருந்தடித்து, புழுவுக்கென்று மூடி வைத்திருந்தார். கணவர் பெங்களூரில் கொத்தனார் வேலை. வெள்ளை இனம் இந்த மண்ணுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு ஓரகத்தி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டை பொரிக்காவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் ஆரோக்கியமேரிக்கு இலை மட்டும்தான் மிஞ்சும்.

சீட்டைக் காட்டினேன். வாங்கி, எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தார்.

"இனம், வெள்ளை. சரிங்க. ரெண்டாவது வரி என்னாங்க, மை தீந்துடுச்சா?"

"இல்லைங்க, அது எப்பவும் காலியாத்தான் வரும்."

"பொரிக்கிற நாளு..." என்று நிறுத்தினார். "மேசையில கெடக்கற என் ஓரகத்தி சீட்டுலயும் இதே தேதிதாங்க. அவளும் நேத்துப் போட்ட முட்டைக்குத்தான் சொல்லி வெச்சிருக்கா. அவளுது மஞ்சக் கூடு."

"ஆமாங்க."

"என்னா ஆமாங்க? ரெண்டும் ஒண்ணுதான்னா எனக்கு எதுக்குங்க தனி ரூமு, தனி மருந்து, தனி மீட்டிங்கு? அந்த மீட்டிங்குல ஒரு டீ கூடத் தரலைங்க."

அவருக்கு முட்டையின் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. டீ கிடைக்காத கோபத்தில் கேட்டார். நான்தான் சீட்டை வாங்கி மறுபடி படித்தேன். தேதி நல்ல கறுப்பு மையில் இருந்ததால் சீட்டு முழுவதும் சரியாக இருப்பதாக எங்கள் எல்லோருக்கும் தோன்றியிருந்தது. ஆனால் இரண்டு இனத்துக்கும் ஒன்றாக வந்தால், அது எந்த இனம் என்று பார்க்காமல் போட்ட தேதி. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது காலி வரி மட்டும். அந்தக் காலி, 'ஒன்றும் வேண்டாம்' என்கிறதா, 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்கிறதா?

அவரை உட்காரச் சொல்லிவிட்டு முட்டை அறைக்கு ஓடினேன். அங்கே சூப்பர்வைசர் கமலா அக்கா அலமாரிகளுக்கு நடுவே நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் குரலை நீங்கள் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். பார்ப்பதற்கு முன்பு கேட்டுவிடலாம்.

"அக்கா, வெள்ளைக்கு ஏதாச்சும் பண்ணணுமா?"

"ஆசிட்டு. டிரெய்னிங்ல பண்ணினமே."

"பண்ணியாச்சா?"

"சீட்டுல வரலியே. இந்த இனத்துக்கு வேணாம்போலன்னு விட்டுட்டன். உன் ஏசி ரூம் மகாராணிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"எவ்ளோ நேரம் முக்கணும்?"

"அது இனத்துக்கு இனம் மாறும். அன்னிக்குப் பண்ணது வேற வெள்ளை. இது எவ்ளோன்னு யாரு கண்டா?"

கவனியுங்கள். ஒரு வகுப்புக்கும் போகாமல், அப்ஸ்ட்ராக்ட் மெத்தடுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை யாரும் சொன்னதில்லை. எல்லா வெள்ளைக்கும் செய்தாக வேண்டும்; எப்படி என்பது இனத்துக்கு இனம் மாறும். ஆனால் அன்று அதை ரசிக்க நேரமில்லை. ஆசிட் தெரிந்த ஒருவர், தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மெஷின் பேசாமல் இருந்ததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், வெள்ளை முட்டைக்கு ஆசிட் போடணுமாம். இன்னும் போடல."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அப்ப ஒண்ணும் வேணாம்."

"வேணாம்னு சொல்லல சார். ஒண்ணும் சொல்லல."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"சார், மத்தியானம் வூட்டுக்குப் போன் பண்ணி, சாப்பாடு ரெடியான்னு கேக்கறீங்க. 'இல்ல'ன்னு மேடம் சொல்றாங்க. என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டலுக்குப் போவேன்."

"போன் அடிச்சிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. அப்ப?"

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வூட்டுக்கு ஓடுவேன்."

"ஓடலாம் சார்."

ஓடினார் என்பதை அவருக்கு நியாயம் செய்யும் விதமாகப் பதிவு செய்கிறேன். எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, பெங்களூரில் அந்துப்பூச்சி கொடுத்த நிலையத்துக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் புக் செய்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி கேட்டார். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், "சார், நீங்க கேக்கக் கேக்க லைன் நீளாது" என்றார். வெயில் ஜன்னலைத் தாண்டி மேசைக்கு வந்தது. சாயங்காலம் எங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

"அந்த அம்மாவ அனுப்பிடும்மா" என்றார் மேனேஜர் தணிந்த குரலில். "டீ குடுத்து அனுப்பு. நாம பாத்துக்கலாம்."

உங்கள் வேலையில் இந்த வாக்கியத்தை நிறையக் கேட்பீர்கள். 'நாம பாத்துக்கலாம்' என்றால், யாருக்கு நஷ்டமோ அவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அர்த்தம்.

எனக்குக் குழப்பம் வந்தால் வரிசை போட்டுப் பார்ப்பேன். அன்றும் போட்டேன். போனுக்காகக் காத்திருப்பது, வராவிட்டால் அத்தனை முட்டையும் தூங்கும். கமலா அக்காவுக்குத் தெரிந்த பழைய கணக்கில் எல்லாவற்றையும் முக்குவது. தப்பாக இருந்தால் அத்தனையும் சாகும். பாதியை இப்போது முக்கி, பாதியைப் போனுக்காக வைப்பது. எப்படிப் போனாலும் மொத்தமும் போகாது. மூன்றாவதுதான் எனக்குச் சரி என்று பட்டது. ஆனால் நான்காவதாக ஒன்றும் எழுத வேண்டியிருந்தது: இதை முடிவு செய்வது யார்? மேனேஜருக்கும் கமலா அக்காவுக்கும் எனக்கும் முட்டை பொரித்தாலும் பொரிக்காவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம். மாட்டுக் கொட்டகையில் படுத்திருப்பவர் வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

போய்ச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ஆரோக்கியமேரி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்தத் தேதி?"

"அது எந்த முட்டைன்னு பாக்காம போட்ட தேதிங்க."

"யாருன்னு பாக்காம தேதி குறிக்க நீங்க என்னா கல்யாணத் தரகருங்களா?"

பின்னால் வந்து நின்றிருந்த மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இது டெக்னிக்கல் விஷயம்..."

"இருங்க சார். உங்க டெக்னிக்கலு என் இலையத் திங்காது." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. உன் வூட்டு முட்டையா இருந்தா என்னா பண்ணுவ?"

"பாதி இப்பப் போடுவேன். பாதி வெச்சிருப்பேன்."

ஆரோக்கியமேரி எழுந்தார். "பாதி போடுங்க. மொத்தமா உங்கள நம்ப மாட்டன். ஆனா நான் பக்கத்துலயே நிப்பன்."

நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆசிட் தொட்டிக்கு அருகிலேயே நின்றார். கையில் ஜெபமாலை உருண்டது. "மாலைய உள்ள விட்டுடாதீங்க, கரைஞ்சிடும்" என்றார் கமலா அக்கா. "கரைஞ்சா மாதா பாத்துக்குவா. நீங்க நேரத்தப் பாருங்க" என்றார் இவர். கமலா அக்காவை யாராவது பதில் பேசி அடக்கியதை அன்றுதான் பார்த்தேன். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தக் கடிகாரத்துக்கு எந்த முட்டையையும் தெரிய வேண்டியதில்லை. ஸ்டேடிக் செய்ய வேண்டிய சரியான வேலை அதுதான்.

முதல் பாதி முடிந்து அட்டைகளைக் கழுவிக் காயப் போட்ட பிறகு போன் அடித்தது. மேனேஜர் கத்தியது முட்டை அறை வரை கேட்டது.

"ஹலோ! ஆசிட்டு! ஆசிட்டு எஷ்டு ஹொத்து? ஆங்? ஜோராகி ஹேளி!"

எவ்வளவு நேரம், சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறார். ஓசூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் அவர் கன்னடம் சுத்தமாக இருக்கும். அறை வாசலுக்கு ஓடிப் போன எங்களுக்கு அந்தப் பக்கத்து ஆளின் குரலும் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. இதையெல்லாம் பூச்சி கொடுத்த அன்றே சொன்னோமே என்று அவர் கன்னடத்தில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மேனேஜர் போனை வைத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி அவங்க சொல்லவே இல்லம்மா" என்றார். காலி வரி எத்தனை வகைப்படும் என்று எனக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாயிற்று.

கிடைத்த கணக்கு, கமலா அக்கா முக்கியதைவிடக் குறைவு. மிச்சப் பாதியை அந்தக் கணக்கில் முக்கினோம். தொட்டியிலிருந்து கடைசி அட்டையை எடுக்கும்போது வெயில் மதிலுக்கு மேலே போயிருந்தது. ஆரோக்கியமேரி இரண்டு பாதியையும் தனித்தனியாக வைக்கச் சொல்லி, அப்படி வைத்ததைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பொரிக்கும் நாளன்று கமலா அக்காவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். சீட்டில் போட்டிருந்த தேதிக்கு மறுநாள் அது. தளம் போட்ட அறையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் அட்டை முழுக்கக் கரும்பொடி தூவியதுபோலப் புழு நெளிந்தது. இன்னொரு பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊர்ந்தது. மற்றதெல்லாம் முட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இது கேட்டுட்டுப் போட்டது" என்று முதல் பக்கத்தைக் காட்டினார் ஆரோக்கியமேரி. மற்றதைக் காட்டி, "இது கேக்காமப் போட்டது."

அவர் குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. "புழு கம்மி, இலை மீந்துடுச்சுங்க. வீணாக்க மனசு வரல. ஓரகத்திக்கு அறுத்துக் குடுத்தன். வாங்கிக்கிட்டு ஒரு வார்த்த பேசல அவ. பேசியிருந்தாக்கூடத் தேவல."

கூடு கட்டியபோது வெள்ளை வெளேர் என்று வந்தது. ஆனால் பாதி அறை.

புரோகிராமின் மூலப் பிளாப்பியை அந்த வாரமே கம்பெனியிடமிருந்து கேட்டு வாங்கினேன். சி பிளஸ் பிளஸ் மொழியின் புதுப் பதிப்பு இந்த வருஷம் கைக்கு வந்ததும், முதலில் மாற்றியது 'பதப்படுத்து' மெத்தடைத்தான். மேலே இருந்த காற்றை எடுத்துவிட்டு, சமக்குறி போட்டு ஒரு பூஜ்ஜியம் வைத்தேன். புதுப் பதிப்பில் அப்ஸ்ட்ராக்ட் என்று அறிவிப்பது அப்படித்தான். இது எல்லா இனத்துக்கும் கட்டாயம், ஆனால் எப்படி என்று நான் சொல்ல மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். வெள்ளைக்கு உரிய கணக்கை வெள்ளையின் கிளாஸில் எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். மெஷின் மறுத்துவிட்டது.

வெள்ளைக்காக மறுக்கவில்லை. மஞ்சளை உருவாக்க மாட்டேன் என்றது. அதற்கும் யாரும் எதுவும் எழுதியதில்லை அல்லவா?

மேனேஜர் பதறினார். "வெள்ளைய சரி பண்றேன்னு சொல்லிட்டு, நல்லா இருந்த மஞ்சளையும் கெடுத்துட்டியேம்மா!"

"மஞ்சளுக்கு என்ன பண்ணணும்னு எழுதலைன்னு சொல்லுது சார்."

"ஒண்ணும் பண்ண வேணாம்!"

"அதை எழுதச் சொல்லுது."

எழுதினேன். அன்றிலிருந்து மஞ்சள் சீட்டின் இரண்டாவது வரியில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று அச்சாகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதை அடிக்க எதற்கு ரிப்பனைத் தேய்க்கிறாய் என்று மேனேஜர் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உங்களுக்கு ஒரு தரம் சொல்கிறேன்: யோசித்து எடுத்த முடிவாக ஒன்றும் செய்யாமல் இருப்பது வேறு, யாரும் யோசிக்காததால் ஒன்றும் நடக்காமல் இருப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முன்னதை எழுதி வையுங்கள். பின்னதை மெஷின் பிறக்கவிடாதபடி செய்யுங்கள். சார், 'போயாகணும்' என்று மேலே ஒருவர் அடம்பிடித்தால்தான் அது நடக்கும்; பாராட்டு என்றது அதைத்தான்.

பொரிக்கும் நாளையும் ஸ்டேடிக்கிலிருந்து பிடுங்கி, இனத்திடமே கேட்கும்படி மாற்றினேன். மணி கணக்குப் போடுவது இன்னும் ஸ்டேடிக்காகவே இருக்கிறது, அதை நகர்த்தாதீர்கள். ஒரு மெத்தடை ஸ்டேடிக் ஆக்கத் தோன்றினால் ஒன்று கேளுங்கள்: அட்டை மாறினால் பதில் மாறுமா? மாறாது என்றால் ஆக்குங்கள். "மாறாதுன்னு நெனைக்கிறேன்" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து முட்டை அறைக்குப் போங்கள். திட்டு வாங்குவீர்கள். பதிலும் கிடைக்கும்.

போன வாரம் ஆரோக்கியமேரி அடுத்த அட்டைகளை வாங்க வந்தார். தன் சீட்டில் ஆசிட் வரியைப் படித்தார். ஓரகத்திக்காகவும் அவரே வாங்க வந்திருந்தார். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சண்டைதான் என்றாலும். மஞ்சள் சீட்டில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இத எழுத ஒரு வருசமாச்சுங்களா உங்களுக்கு?"

பொங்கலுக்குப் பிறகு மூன்றாவதாக ஓர் இனம் வருகிறது. அதற்கான கிளாஸைத் திறந்து வைத்துவிட்டேன். பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது. 'பதப்படுத்து' மட்டும் எழுதவில்லை. ஏனென்றால் இன்று தேதி வரை அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை நீங்கள் ஓட்டும்போது மெஷின் மறுக்கும். மேனேஜர் வந்து தோளுக்குப் பின்னால் நிற்பார். "ரெண்டு அடைப்புக்குறி போட்டு அது வாய மூடுங்கப்பா, சீட்டு வந்தாப் போதும்" என்பார். போட்டால் மூடிவிடும். அது அவ்வளவு சுலபம், அதுதான் ஆபத்து.

போடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது இனத்துக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவர் ஆரோக்கியமேரி. நான் போகப் போகிறேன் என்று சொன்னபோது, "நீ போனா என்னா தாயி, சீட்ட நான் படிச்சுட்டுத்தான் வாங்குவன்" என்றார். முட்டை இட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் வருவார். இரண்டாவது வரி காலியாக இருந்தால் சீட்டைத் திருப்பி உங்கள் மேசையில் வைத்துவிட்டு, பதில் வரும் வரை அங்கேயே நிற்பார். மெஷினின் வாயை அடைத்துவிடலாம். அவர் வாயை அடைக்க இந்த நிலையத்தில் ஆள் கிடையாது. கமலா அக்காவே தோற்றுப்போனார்.

டீக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.